தோண்டாத பக்கம்

பிப்ரவரி 9

சின்னவளே,

எட்டு தடவை போன் அடித்தேன். எட்டாவது தடவை எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். சரி, வைத்துக்கொள். இந்தக் கடிதத்தையாவது கிழிக்காமல் படி. உள்ளே ஒரு படிவம் இருக்கிறது. அதில் உன் கையெழுத்து வேண்டும். அது மட்டும் இல்லையென்றால் நானும் உன்னை மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

முதலில் உன் அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து பதினோரு நாள் ஆகிறது. இடுப்பில் வைத்த கம்பி சேர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். கால் எப்போது அசையும் என்றால் "பார்க்கலாம்" என்கிறார். எனக்கு அந்த "பார்க்கலாம்" பிடிக்கவில்லை. கட்டிலை முன் அறை ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்றால் தலையாட்டுவார், வலிக்கிறதா என்றால் தலையாட்டுவார், வேறு பேச்சு கிடையாது. நாள் முழுக்க வீட்டைச் சுற்றி நிற்கிற ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். இருபத்து மூன்று மரம். எண்ணுகிறார் போலிருக்கிறது, உதடு அசைகிறது.

கிழக்கு வேலி ஓரம் புயலில் விழுந்த ஆறு மரமும் விழுந்த வாக்கிலேயே கிடக்கின்றன. எல்லாம் நோய் வந்து முன்பே காய்ந்தவை. உன் அண்ணன் மேல் உருண்டதும் அதில் ஒன்று. அவர் பாதி அறுத்த வெட்டு இன்னும் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் தினமும் பள்ளிக்கூட வேனை எடுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட முடிந்தால் மூடிக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை மர ஆய்வாளர் வந்தார். மரம் விழுந்ததோடு நோய் போய்விடவில்லையாம். பூஞ்சை வேரில் உயிரோடு இருக்கிறது. ஓக் மரங்கள் மண்ணுக்குள்ளே ஒன்றோடு ஒன்று வேர் கோத்துக்கொண்டு நிற்குமாம், அந்த வழியாகவே அடுத்த மரத்துக்குப் போய்விடும். நடுவில் ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டி வேரை அறுத்துவிட்டால்தான் நிற்கும். அதுவும் துளிர் விடுவதற்கு முன்னால். இந்த வட்டாரத்துக்கே பள்ளம் வெட்டுகிற மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மனைக்கு மூன்று நாள். நம் முறை மார்ச் 26, 27, 28. இதை விட்டால் ஜூன் கடைசி, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நிலம் உங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டார், கைக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னுடையது மார்ச் 20-க்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தில் பள்ளம் போக வேண்டிய இடத்தில் கோடு போடச் சொல்லியிருக்கிறார்கள். அதை அப்புறம் போடலாம். நீ கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதற்கு மேல் கெஞ்சத் தெரியவில்லை.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனசு வரவில்லை. கேட்காமலே எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டதையே இப்போதும் கேட்கிறேன். காற்று நிற்காத காலை நேரத்தில் என் அண்ணனை வெளியே அனுப்பியது யார்? "வழியில மரம் கெடக்கு, வேன் போகணும், கொஞ்சம் பாருங்க" என்று சொன்னது யார்?  அன்றைக்கு நீங்கள் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துக்கொண்டு நின்றீர்கள். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

இப்போது படிவம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டீர்களா? நான் நாள் முழுக்க பல்செட் செய்கிறவள்தான். மெழுகும் சுண்ணாம்பு மாவும்தான் என் பிழைப்பு. மரம் மட்டை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அண்ணன் இரண்டு வருஷம் முன்னாலேயே மெஷின் வைத்துப் பள்ளம் தோண்டியாயிற்று. மறுபடியும் எதற்குப் பள்ளம்? ஒரு பள்ளம், அப்புறம் நாலு மரம், அப்புறம் நாற்பது மரம், கடைசியில் மொட்டை நிலம். அதை விற்றுவிட்டு டவுனில் குடியேறலாம் என்று கணக்கா? எழுந்து நடக்க முடியாத மனுஷனிடம் கையெழுத்து வாங்கிவிட்டீர்கள். என்னிடம் வாங்க முடியாது.

அண்ணன் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அந்த மரங்கள் அங்கே நிற்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 19

சின்னவளே,

ஆமாம். நான்தான் சொன்னேன். "வேன் போகணும், கொஞ்சம் பாருங்க." இதே வார்த்தைதான். பதினாலு பிள்ளைகள் ரோட்டோரம் குளிரில் நிற்கும் என்று சொன்னேன். சங்கிலி ரம்பத்தை நான்தான் ஷெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள், உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டாம். அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ புதிதாக ஒன்றும் குத்த வேண்டியதில்லை.

ஆனால் விற்கப் போகிறேன் என்றாயே, அதற்கு வயிறு எரிகிறது. எதை விற்பது? நோய் வந்த மரத்தை ஒரு துண்டு விறகாகக்கூட வெளியே கொடுக்கக் கூடாது. வெட்டி அடுக்கி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, ஓரமெல்லாம் மண் அள்ளிப் போட்டு ஒரு கோடை முழுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டு வந்து உட்கார்ந்து நோயை அடுத்த தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த முதுகு வலியோடு அதை யார் செய்வது என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"மறுபடியும் எதற்குப் பள்ளம்" என்று கேட்டாய். நல்ல கேள்வி, நானும் அதையேதான் ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பழைய பள்ளத்தின் வழியாக நடக்கவைத்தார். மண் மூடிப் புல் முளைத்திருந்தாலும் தடம் தெரிகிறது. முதலில் காய்ந்த மூன்று மரத்தையும் வடக்கே, மேற்கே, தெற்கே சுற்றி வளைத்திருக்கிறது. கிழக்கே வேலிப் பக்கம் மட்டும் ஒன்றும் இல்லை. குண்டூசி அளவுகூடத் தோண்டவில்லை.

அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து காட்டினார். "மூணு கதவச் சாத்திட்டு நாலாவதத் தொறந்து வச்சிருக்கீங்கம்மா. அது வெளிய போகாதா? வேலிக்கு அடியில பூந்து பக்கத்துக்காரர் மரத்துக்குப் போயிருக்கு. அவர் வரிசையிலேயே தெக்கால நடந்து, பள்ளம் முடியிற எடத்துக்கு அப்புறமா மறுபடி உங்க பக்கம் வந்திருக்கு. இந்த வேலையச் செஞ்ச ஆளுக்கு வேலி ஓரம் தோண்டணும்னு சொல்லாமலா இருப்பாங்க?"

போன ஆகஸ்டில் தெற்கு மூலையில் மூன்று மரம் காய்ந்ததே, அது இப்படித்தான். பக்கத்தில் குதிரைக்காரருக்கு ஒன்பது மரம் போய்விட்டது. அவர் மழையில்லாமல் காய்ந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கிழக்கே ஏன் தோண்டவில்லை என்று உன் அண்ணனைக் கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உன்னிடம் அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாரே. உனக்கு ஏதாவது தெரியுமா? பாறை இருந்ததா? மெஷின்காரன் ஏமாற்றிவிட்டுப் போனானா?

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணிக்கு,

கையெழுத்துப் போடுகிறேன். விற்கிற பேச்சை எடுத்தது தப்புதான். அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் வரைபடத்தில் கோட்டை நான்தான் போடுவேன். நோய்க்கும் வீட்டு மரங்களுக்கும் நடுவில், வடக்கிலிருந்து தெற்குவரை, ஓர் அடிகூட விடாமல். இருபத்து மூன்றும் பிழைக்க வேண்டும்.

பழையதைக் கிளற வேண்டாம். அண்ணன் செய்ததை பக்கத்து முள்வேலிக்காரனிடம் சொல்லிவைக்காதீர்கள். கோர்ட்டு, கேஸ் என்று இழுப்பான். அவன் மரம் மழையில்லாமல் காய்ந்ததாகவே இருக்கட்டும்.

படிவம் நாளைக்கு வருகிறது.


மார்ச் 1

சின்னவளே,

படிவம் வரவில்லை. உன் கடிதம்தான் வந்தது.

"அண்ணன் செய்தது" என்று எழுதியிருக்கிறாய். நான் பாறையா என்று கேட்டேன், மெஷின்காரனா என்று கேட்டேன். அவர் மறந்திருப்பார், களைத்துப் போயிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அந்த வரி வந்ததும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணம் ஆகி இருபது வருஷத்தில் உங்கள் அப்பா போன அன்றைக்கு மட்டும்தான் அவர் அழுது பார்த்திருக்கிறேன்.

என்ன செய்தார்? நீ சொல். அவரைத் தோண்டித் தோண்டிக் கேட்க என்னால் முடியாது.

அண்ணி


மார்ச் 4

அண்ணி,

படிவம் இன்னும் என்னிடமே இருக்கிறது, இந்தக் கடிதத்தையே மூன்று தடவை கிழித்துப் போட்டேன். பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். என் மேஜையில் யாருடைய கீழ்த்தாடையோ அச்சில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். எந்த முகத்தையும் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

அப்பா இறந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? வீடு முழுக்க ஆட்கள். அந்த வாரம் பார்த்துத்தான் குதிரைக்காரன் வேலியை மூன்று அடி நம் பக்கம் தள்ளிப் போட்டான். நீங்கள் "போனா போகுது, மூணு அடிதானே" என்றீர்கள். எங்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவன் பேரே அன்றிலிருந்து எங்களுக்கு முள்வேலிதான்.

இரண்டு வருஷம் முன்னால், மெஷின் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் கேட்டார். "வேலி ஓரமும் தோண்டணுங்கறாங்க. அப்பதான் அவன் பக்கம் போகாதாம். என்னடி செய்யலாம்?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூணு அடி தின்னவனுக்கு நாம எதுக்குண்ணா தோண்டணும்? போகட்டும் விடுங்க, அவன் மரம்தானே" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அண்ணனும் சிரித்தார். "சரிடி" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு போன் பேச்சு. அப்புறம் என்னவோ சமையல் பற்றிப் பேசினோம்.

மண்ணுக்கு அடியில் வேலி கிடையாது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அது அந்தப் பக்கமாகப் போய், சுற்றி, நம் மரத்துக்கே வந்து, அந்த மரம்தான் புயலில் விழுந்து, அதைத்தான் அண்ணன் அறுக்கப் போய்... நீங்கள் ரம்பம் எடுத்துக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். மரத்தை அங்கே கொண்டுவந்து போட்டதே நான்தான் அண்ணி. வராந்தாவில் உங்களைப் பார்த்துக் கத்தும்போதே எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அவ்வளவு கத்தினேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அவனிடம் சொல்லாதீர்கள். இருக்கிற மூன்று நாளில் அண்ணன் பார்க்கிற மரங்களையாவது காப்பாற்றுவோம். காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

சின்னவளே,

சொல்லிவிட்டேன்.

நீ கடிதத்தைக் கீழே போடுவதற்கு முன்னால் முழுக்கப் படி.

உனக்கு ஒன்று தெரியாது. தெரியவிடாமல் வைத்தது நாங்கள்தான். அன்றைக்குக் காலையில் மரம் உருண்டதும் நான் போட்ட சத்தத்துக்கு ஓடிவந்த ஒரே மனுஷன் குதிரைக்காரர். இரண்டு குதிரையைப் பூட்டி, சங்கிலி மாட்டி, அந்த அடிமரத்தை உன் அண்ணன் மேலிருந்து இழுத்தார். குதிரை ஒரு அடி பிசகியிருந்தால் அவர் இன்றைக்கு இல்லை. தானே வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வராந்தாவின் கடைசியில் முகமெல்லாம் சேறாக, சேற்றுப் பூட்ஸோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாரே, நீ துப்புரவு ஆள் என்று நினைத்துத் தண்ணீர் எங்கே என்று கேட்டாயே, அவர்தான். உன்னிடம் சொன்னால் அங்கேயே சண்டை போடுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அவரைக் கண்டால் ஆகாதுதான். மூன்று அடியை நானும் மறக்கவில்லை. ஆனால் இந்த ஒரு மாதமாக வாரம் ஒரு தடவை வந்து நம் வாசலில் கிளை பொறுக்கிப் போட்டுவிட்டுப் போகிற மனுஷன் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

லாயத்துக்குப் போனேன். ஒரு குதிரையின் காலை மடியில் வைத்துக் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழையில்லாமல் காயவில்லை, நோய், எங்கள் பக்கத்திலிருந்து வந்தது, தோண்டச் சொல்லியும் தோண்டவில்லை, வேண்டுமென்றே தோண்டவில்லை. உன் பேரை எடுக்கவில்லை. அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"ரெண்டு நாளா."

"அவருக்கு?"

"ரெண்டு வருஷமா."

குதிரையின் காலை மெதுவாகக் கீழே விட்டார். "சரிம்மா, நீங்க போங்க" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். 

மறுநாள் வந்தார். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு முன் அறைக்குள் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அடிக்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன்.  அப்புறம் சொன்னார், "ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தோண்டியிருப்பேனே."

வேறு ஒன்றும் இல்லை. கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. பூட்ஸைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கேள். அவருக்கு இன்னும் முப்பத்தொரு மரம் பச்சையாக நிற்கிறது. மரத்தடி நிழலை விட்டால் அவர் குதிரைகளுக்கு வெயிலில் ஒதுங்க இடம் கிடையாது. ஆய்வாளரிடம் போய் மெஷின் கேட்டார். ஜூன் கடைசி என்றார்கள். நம் மூன்று நாளில் ஒரு பக்கம்தான் தோண்ட முடியும். நம் பக்கம் தோண்டினால் நம் இருபத்து மூன்றும் பிழைக்கும், அவருடைய முப்பத்தொன்றும் போகும். அவர் பக்கம் தோண்டினால் நம்முடைய இருபத்து மூன்றும் நோய்ப் பக்கம் நின்றுவிடும். பச்சையாக இருந்தாலும் அத்தனையையும் வெட்டியாக வேண்டும்.

மூன்று நாளை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் எழுதுகிறேன். நெஞ்சு கேட்கவில்லை. நிலம் உன்னுடையதும்தானே. நீ சொல்.

அண்ணி


மார்ச் 13

அண்ணி, வேண்டாம்.

வேண்டாம் வேண்டாம். தண்ணீர் எங்கே என்று அவரைக் கேட்டேனா நான்? எனக்கு அந்த ஆள் ஞாபகம்கூட இல்லை. நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். மூன்று அடியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்கிறேன். பத்து அடி கொடுக்கிறேன். மரத்தை மட்டும் வேண்டாம்.

அண்ணனுக்கு வேறு என்ன இருக்கிறது? கால் இல்லை. வேலை இல்லை. கரண்டுக் கம்பத்தில் ஏறி ஊருக்கே விளக்குப் போட்டவர் இன்றைக்குத் தன் அறை ஸ்விட்சுக்கு உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்த ஜன்னல் ஒன்றுதான் மிச்சம். நான் ஒரு வாய்ப் பேச்சில் அவர் காலை எடுத்தேன். இப்போது ஒரு கையெழுத்தில் கண்ணுக்கு எதிரே இருப்பதையும் எடுக்கச் சொல்கிறீர்களே. என்னால் ஆகாது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை அண்ணி. நீங்கள் வேண்டுமானால் நல்லவளாக இருந்துகொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

பாதிப் பாதி தோண்ட முடியாதா? ஆய்வாளரைக் கேட்டீர்களா? ஆள் வைத்துக் கையால் தோண்டினால்? நான் லீவு போட்டு வந்து தோண்டுகிறேன்.

ஏதாவது வழி சொல்லுங்கள்.


மார்ச் 16

சின்னவளே,

கேட்டேன். பாதிப் பள்ளத்தால் பிரயோஜனம் இல்லை, அதைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே என்றார். கையால் ஆளுயரம் தோண்ட பத்துப் பேருக்கு மே மாதம் ஆகும். அதையும் கேட்டுவிட்டேன்.

நேற்று உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மூன்று நாள், எல்லாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்புறம் வாயைத் திறந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்.

"அவ என்ன சொல்றா?"

என்னை இல்லை, உன்னைத்தான் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இருந்தது. இப்போது கோபப்படக்கூடத் தெம்பில்லை. அந்த ஜன்னல் ஓரம்தான் தினமும் அவருக்கு உடம்பு துடைத்துவிடுகிறேன். வெளியே மொட்டையாகக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு முன்னால் எனக்குத் தெரியும். 20-ஆம் தேதிக்கு நாலு நாள்தான் இருக்கிறது, அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

அண்ணி


மார்ச் 17

அண்ணி,

நானும் கூரியரிலேயே அனுப்புகிறேன், நாளைக்கே கிடைக்கும்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோட்டையும் நானே போட்டேன். முதலில் நம் பக்கம் போட்டேன். அழித்தேன். மறுபடியும் நம் பக்கமே போட்டேன். அழித்தேன். காகிதம் ஓரிடத்தில் நைந்து கிழிந்துவிட்டது, பின்னால் டேப் ஒட்டியிருக்கிறேன். அதனால் படிவத்தை வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது கோடு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவருடைய காய்ந்த மரங்களுக்கும் பச்சை மரங்களுக்கும் நடுவில், வடக்கு மூலையிலிருந்து தெற்குவரை, எங்கேயும் விடாமல். அவர் நிலத்தில் போகிறதால் அவர் கையெழுத்தும் வேண்டுமாம். வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டறையில் மெழுகில் ஒரு மயிரிழை தவறினாலும் ஒரு ஆளுக்கு வாய் மூடாது. பதினைந்து வருஷத்தில் ஒரு அச்சையும் இரண்டாம் தடவை செய்ததில்லை. ஒரு பென்சில் கோட்டை மூன்று தடவை போட்டேன்.

நான் என்ன சொல்கிறேன் என்று அண்ணன் கேட்டாரே. தோண்டச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 23

சின்னவளே,

படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். டேப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் முத்திரை குத்திவிட்டாள். குதிரைக்காரர் கையெழுத்துப் போடும்போது வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கோடு மாறிப் போச்சே, இது என் பக்கமாச்சே?" என்றார். என் நாத்தனார் போட்டது, மாறிப் போகவில்லை என்றேன். தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கையெழுத்தைப் போட்டார். 

வியாழன், வெள்ளி, சனி பள்ளம். அது முடியாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது, வெட்டினால் நோய் வேர் வழியாக இன்னும் வேகமாக ஓடுமாம். மரம் வெட்டுகிறவர்கள் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறார்கள். ஏழு பேர். இருபத்து மூன்று மரத்துக்கு இரண்டு நாள் போதும் என்றார்கள். அவ்வளவு சீக்கிரமா என்று கேட்டுவிட்டேன். அவர்களுக்கு அது ஒரு வேலை, அவர்களைச் சொல்லி என்ன?

உன் அண்ணனிடம் சொன்னேன், நீ சொன்னபடியே, தோண்டச் சொன்னாள் என்று. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். "அழுதாளா?" என்று கேட்டார். நீ எழுதியிருக்கவில்லை, ஆனாலும் ஆமாம் என்றேன்.

கட்டிலைப் பின் அறைக்கு மாற்றிவிடட்டுமா, அங்கே சத்தம் குறைவாக இருக்கும் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "நான் பாக்கணும்" என்றார். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதத்தில் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறைச்சலும் இல்லை.

ஒவ்வொரு மரமும் வீட்டின் மேல் சாயாமல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று நான் வெளியே நின்று காட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது, கரண்டுக் கம்பி எங்கே போகிறது என்று வேறு யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் நான் உள்ளே இருக்க முடியாது. முதல் மரம் ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. அது சாயும்போது அவர் அந்த அறையில் தனியாக இருக்கக் கூடாது. இருந்தால் நான் தாங்க மாட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே. போன் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் ஏறி வந்து சேர்.

அண்ணி